கதவுக்குக் கீழே துரு: பழைய செவர்லே பிக்கப்பின் கேபினை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

மிச்சிகனில் இருக்கும் நண்பர் ஒருவர் 1970-ஆம் ஆண்டு செவர்லே சி10 பிக்கப் வாங்கியிருக்கிறார். இரண்டு கதவுகளுக்கும் கீழே ஓடும் ராக்கர் பேனல் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. கேபினின் பின்பக்கக் கீழ் மூலைகளும் போய்விட்டன. டிரைவர் கால் வைக்கும் இடத்தில் ரோடு தெரிகிறது. பாடி ஷாப்பில் சொன்ன தொகை வண்டி வாங்கிய தொகையைவிட அதிகம். அவரிடம் 110 வோல்ட் மிக் வெல்டர் (கம்பி தானாக வரும் வெல்டிங் மெஷின்) ஒன்று இருக்கிறது, வெல்டிங் பழக்கம் கொஞ்சம்தான். ‘ஸ்லிப்-ஆன் என்று விற்கும் புது ராக்கரைப் பழையதன் மேலேயே வைத்து வெல்ட் செய்துவிடலாமா? வீட்டு கராஜில் செய்யக்கூடிய வேலையா இது? எவ்வளவு நாள் ஆகும்?’ என்று கேட்டு, மூன்று படங்களும் அனுப்பியிருக்கிறார். அவருக்கு நான் எழுதும் பதில் இது.

கேள்வி வெல்டிங்கைப் பற்றியதாகத் தெரிந்தாலும், இதில் வெல்டிங் பாதிகூடக் கிடையாது. கேபினைக் கீழே கட்டிப் பிடித்திருக்கும் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, கேபின் கோணாமல், கதவு முன்போலவே மூடும்படி புதியதை உட்கார வைக்க முடியுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில்: முடியும். பொறுமையாக, ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போகிறவராக இருந்தால் வீட்டிலேயே முடியும். பழையதன் மேலேயே புதியதை வைத்து வெல்ட் செய்வதற்குப் பதில்: வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான் ஐடிஐயில் ஷீட் மெட்டல் டிரேடு படித்து, கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஆறு வருடம் தகடு வேலை பார்த்தவன். பிறகு பதினைந்து வருடமாக மிச்சிகனில் பாடி ஷாப் வேலை. சம்பளத்துக்குச் செய்வது பெரும்பாலும் விபத்தில் அடிபட்ட புது வண்டிகள். பழைய பிக்கப் வேலை வார இறுதியில், சொந்த ஆசைக்கு. என்னுடையது 1968 மாடல். உங்கள் வண்டியும் அதே தலைமுறைதான் (1967 முதல் 1972 வரை வந்தது), ஆகவே இந்தக் கேபினின் உள்ளும் புறமும் எனக்குப் பழக்கம். ஆனால் உங்கள் வண்டியை நான் நேரில் பார்க்கவில்லை. நீங்கள் அனுப்பிய மூன்று படங்களிலும் வெளிப்புறம் மட்டும்தான் தெரிகிறது. அதனால் எல்லா வண்டிக்கும் பொருந்துவதை உறுதியாகச் சொல்கிறேன், உங்கள் வண்டியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டியதைத் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் கேபினின் அமைப்பு. இந்த வண்டியில் சேசிஸ் தனி, கேபின் தனி. ரப்பர் புஷ் வைத்து நான்கு இடத்தில் போல்ட் போட்டு கேபினைச் சேசிஸ் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். அதனால் ராக்கர் போனாலும் வண்டி நடுவில் ஒடிந்துவிடாது. ஆனால் கேபின் என்பது இரண்டு பெரிய கதவு ஓட்டைகள் போட்ட ஒரு பெட்டி. கதவின் கீல் மாட்டியிருக்கும் முன் தூணையும், பூட்டு விழும் பின் தூணையும் மேலே கூரை சேர்த்துப் பிடிக்கிறது, கீழே சேர்த்துப் பிடிப்பது ராக்கர். வீட்டு நிலையில் கீழ்ப்படியை எடுத்துவிட்டால் இரண்டு கால்களும் தன்னிஷ்டத்துக்கு நகரும் இல்லையா, அதேதான் இங்கேயும். அந்த ராக்கரும் ஒரே தகடு கிடையாது. வெளித் தகடு ஒன்று, தரையோடு சேரும் உள் தகடு ஒன்று, இரண்டும் அடியில் உதடு போல ஒட்டி ஸ்பாட் வெல்டு (புள்ளி புள்ளியாக வைக்கும் வெல்டு) ஆகியிருக்கும். நடுவில் வெற்றிடம். நீங்கள் பார்த்திருப்பது வெளித் தகட்டின் ஓட்டையை மட்டும்தான்.

இந்த இடத்தில் துரு உள்ளே பிறந்து வெளியே வருகிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எல்லாம் தானாக வரும். முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு கிரில் இருக்கிறதே, அதன் வழியாக விழும் மழைத்தண்ணீர் கேபினின் இரண்டு ஓரங்களுக்கும் போய், காலருகே இருக்கும் கிக் பேனலுக்குப் பின்னால் இறங்கி, அடியில் வெளியேற வேண்டும். ஐம்பது வருட இலை தழையும் மண்ணும் அங்கே சேர்ந்து மக்கி, நனைத்த பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். போக வழியில்லாத தண்ணீர் ராக்கருக்குள் போய்த் தேங்கும். கூடவே மிச்சிகன் குளிர்காலத்தில் ரோட்டில் போடும் உப்பு, டயர் வாரி இறைப்பது, கீழிருந்து உள்ளே ஏறும். இரண்டு தகடுகள் ஒட்டியிருக்கும் இடுக்கில் உப்புத்தண்ணீர் நின்றால் அங்கே காற்று குறைவு, வெளியே காற்று அதிகம். அந்த வேறுபாடே இடுக்கின் உள்ளே இரும்பை அரிக்கப் போதும். இப்போது பழைய ராக்கர் மேல் புதியதை வைத்து மூடுவதை நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே துருப்பிடித்த இடத்தில் இன்னும் ஒரு இடுக்கை நாமே செய்து கொடுக்கிறோம். துருவின் மேல் வெல்டும் பிடிக்காது, உள்ளே குமிழி விட்டு நிற்கும். வெளியே பெயின்ட் அடித்ததும் புத்தம் புதிதாகத் தெரியும். சில குளிர்காலம் போனால் புதிய தகட்டின் ஓரத்தில் கொப்புளம் வரும். அப்படி மூடிய வண்டிகளைப் பிரித்திருக்கிறேன். உள்ளே பழைய ராக்கர் இருந்த இடத்தில் கைப்பிடி அளவு செந்தூள்தான் இருந்தது.

ஸ்லிப்-ஆன் தகடே தப்பு என்று சொல்லவில்லை. அது வெளிமுகத்தை மட்டும் மாற்றுவதற்காகச் செய்தது. பழைய வெளித் தகட்டை வெட்டி எடுத்து, உள் தகடு நன்றாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் வைத்தால் அதுவும் நல்ல வேலைதான். ஆனால் உங்களுக்குக் காலடியிலேயே ஓட்டை விழுந்திருக்கிறது என்றால் உள் தகடு பிழைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கதவுப் படி, மேல் உதடு எல்லாம் சேர்ந்து வரும் முழு ராக்கர், உள் ராக்கர், தரையின் ஓரத் தகடு, கேப் கார்னர் (கேபினின் பின்பக்கக் கீழ் மூலைத் தகடு) எல்லாமே இந்த மாடலுக்குப் புதிதாகக் கிடைக்கின்றன. முழு ராக்கருக்கே போங்கள்.

எதையும் ஆர்டர் செய்யும் முன் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி வண்டியைக் குத்திப் பாருங்கள். சீட், தரை விரிப்பு, கிக் பேனல் மூடிகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். முன் ஃபெண்டரின் பின்பக்கக் கீழ் போல்ட்டுகளையும் எடுக்க வேண்டும், ராக்கரின் முன் நுனி அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பழைய ஸ்குரூ டிரைவரையும் சின்னச் சுத்தியலையும் எடுத்து அங்குலம் அங்குலமாகத் தட்டிக் குத்துங்கள். நல்ல தகடு ‘டங்’ என்று திரும்பிப் பேசும், போன தகடு மொத்தென்று அமுங்கும். அமுங்கிய இடத்தையெல்லாம் சாக்பீஸில் வட்டம் போடுங்கள். குறிப்பாக மூன்று இடம் பாருங்கள்: கீல் தூணின் அடிப்பகுதி, சேசிஸ் மேல் கேபின் உட்காரும் மவுண்ட் இடங்கள், சீட் பெல்ட் போல்ட் தரையைப் பிடிக்கும் இடம். இந்த மூன்றும் நன்றாக இருந்தால் மீதி எல்லாம் உழைப்புதான். கீல் தூணின் அடி கரைந்து போயிருந்தால் வேலை ஒரு படி கடினம். அதைச் சரிசெய்யும்போது கதவைத் தாங்குகிற இடத்தையே தொடுகிறோம், முதல் வேலையாக அதில் இறங்க வேண்டாம். சேசிஸ் இரும்பிலேயே துரு தின்றிருந்தால் அது வேறு வேலை, அதைச் செய்கிறவரிடம் காட்டுங்கள். தகடு வெல்டிங் பழகிய கையை நம்பி சேசிஸில் வைக்கக் கூடாது. மிச்சிகனில் வண்டிக்கு வருடாந்திரப் பாதுகாப்புப் பரிசோதனை எதுவும் கிடையாது, அதனால் நாம் செய்ததை வேறு ஒருவர் வந்து சரிபார்க்கப் போவதில்லை. உங்கள் குடும்பம் உட்காரும் வண்டி, நீங்களேதான் கடுமையான பரிசோதகராக இருக்க வேண்டும்.

இனி ஒரு எச்சரிக்கை. வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். 1972 வரை வந்த இந்தப் பிக்கப்புகளில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. டேங்க் வெளியே இருக்கும் வண்டிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நினைவிலேயே வராது. நீங்கள் கேப் கார்னரில் கிரைண்டர் பிடிக்கும் இடத்துக்கும் டேங்குக்கும் ஒரு முழம்கூட இல்லை. ‘காலிதானே’ என்று விட்டுவிடாதீர்கள், நிறைந்த டேங்கைவிட ஆவி நிரம்பிய காலி டேங்க்தான் ஆபத்து. டேங்கை வெளியே எடுத்து, கராஜுக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள். குழாயின் திறந்த முனைகளை மூடுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். கண்ணாடிகளைத் தடிமனான வெல்டிங் போர்வையால் மூடுங்கள், கிரைண்டர் பொறி கண்ணாடியில் ஒட்டினால் புள்ளி புள்ளியாகக் குழி விழும், அது போகவே போகாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் போகாதீர்கள், ஒரு மணி நேரமாவது பக்கத்தில் இருங்கள். பழைய வண்டியின் இடுக்குகளில் இருக்கும் சணல் விரிப்பும் தார்ப் பூச்சும் கனன்று கனன்று நேரம் கழித்துத்தான் பற்றும். இன்னும் ஒன்று: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் தகட்டைத் துடைத்துவிட்டு வெல்ட் செய்தால் பாஸ்ஜீன் என்னும் விஷவாயு வரும். அசிட்டோன் போதும், அதுவும் முழுக்கக் காய்ந்த பிறகு. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே தேய்க்கும்போது நல்ல முகமூடி கட்டாயம்.

சரி, வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை. இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். நானும் ஒருமுறை அவசரப்பட்டேன். என் 68 வண்டியில் முதல் பக்கம் நன்றாக வந்த தைரியத்தில், இரண்டாவது பக்கத்தில் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, குறுக்குச் சட்டமும் கொடுக்காமல் ராக்கரை முழு நீளத்துக்கும் வெட்டிவிட்டேன். புதியதை அளந்து வைத்து, அழகாக வெல்ட் செய்து, கதவை மாட்டினால் பூட்டு கொண்டியில் விழவில்லை. பின் தூண் ஏறக்குறைய பத்து மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. இரண்டு வார இறுதி உழைத்து வைத்த வெல்டு அத்தனையையும் கிரைண்டரால் அறுத்து, ஜாக்கி கொடுத்துத் தள்ளி, முதலிலிருந்து செய்தேன். அந்தத் தகட்டைத் திரும்பவும் பயன்படுத்த முடியவில்லை.

ஆகவே வரிசை இதுதான். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுங்கள். கேபினுக்குக் கீழே கொடுக்காதீர்கள். கேபின் தன் மவுண்டில், போல்ட்டுகள் இறுகியபடி உட்கார்ந்திருக்க வேண்டும். ரப்பர் புஷ்கள் நசுங்கிப் போயிருந்தால் அவற்றை முதலில் மாற்றுங்கள். அடுத்தது கதவின் கீல். ஐம்பது வருடப் பழைய கீல் ஊசிகள் தேய்ந்து கதவு பின்பக்கம் தொங்கியிருக்கும். திறந்த கதவின் நுனியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், ஆட்டம் தெரிந்தால் ஊசியையும் புஷ்ஷையும் மாற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். தொங்கும் கதவை வைத்து ராக்கரைப் பொருத்தினால், பின்னால் கீலை மாற்றும் நாளில் இடைவெளி எல்லாம் கெட்டுவிடும். மவுண்ட், கீல், அதன் பிறகே ராக்கர். இந்த வரிசையை மாற்றிச் செய்து நன்றாக வந்த வேலை எதையும் நான் பார்த்ததில்லை.

கதவு நேராக மூடும் நிலை வந்ததும், கதவைச் சுற்றி இருக்கும் இடைவெளியை மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேலேயே எழுதி வையுங்கள். கதவுத் திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து எழுதுங்கள். பிறகு ஓரங்குலச் சதுர இரும்புக் குழாயை முன் தூணுக்கும் பின் தூணுக்கும் குறுக்கே வெல்ட் செய்யுங்கள், ஒன்று நேராக, ஒன்று சாய்வாக. கதவு மூடுவதற்கு இடைஞ்சல் இல்லாமல் அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பதுதான் இதில் முக்கியம். ஏனென்றால் வேலை முடியும்வரை கதவுதான் உங்கள் அளவுகோல். புதிய ராக்கரைக் கிளாம்ப் போட்டு மாட்டி, கதவை மூடிப் பார்த்து, எடுத்து, தட்டி, மறுபடி மாட்டி, இப்படி நாலைந்து தடவை செய்ய வேண்டியிருக்கும். இப்போது கிடைக்கும் மறுதயாரிப்புத் தகடுகள் எதுவும் அப்படியே பொருந்தாது, உதட்டை இங்கே விரித்து அங்கே மடக்கத்தான் வேண்டும். இந்தப் பொருத்தும் வேலைக்கு ஒரு முழு நாளைக் கொடுங்கள்.

வெட்டும்போது ஒரு பக்கத்தை மட்டும் தொடுங்கள். ஃபேக்டரி ஸ்பாட் வெல்டுகளைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்கென்று விற்கும் கட்டரால் மேல் தகட்டை மட்டும் துளைத்து, உளியால் பிரியுங்கள். எத்தனை ஸ்பாட் இருந்தது, எவ்வளவு இடைவெளியில் இருந்தது என்று எண்ணிக் குறித்துக்கொண்டால் திரும்ப வைக்கும்போது அதே எண்ணிக்கையோ கொஞ்சம் அதிகமோ வைக்கலாம். கேப் கார்னர் விஷயத்தில் ஒரு யோசனை. கடையில் வாங்கும் துண்டு உயரமாக இருக்கும். அது இருக்கும் உயரத்துக்கெல்லாம் உங்கள் வண்டியின் நல்ல தகட்டை வெட்ட வேண்டியதில்லை. துரு எங்கே முடிகிறதோ அதற்கு மேலே இரண்டு அங்குலம் நல்ல தகடு வரை போங்கள், மிச்சத்தைப் புதிய துண்டில் வெட்டிக் கழியுங்கள். மேலே போகப் போகத் தகடு தட்டையாகிறது. தட்டையான தகட்டில் வெல்டு சூடு பட்டால் பப்படம் மாதிரி நெளியும், வளைவுக்குப் பக்கத்தில் வெல்டு விழுந்தால் அந்த வளைவே தகட்டைப் பிடித்துக்கொள்ளும்.

தரைக்குச் சொந்தமாக ஒட்டுத் தகடு வெட்டுவதானால் 18 அல்லது 20 கேஜ் கோல்டு ரோல்டு ஷீட் வாங்குங்கள், அதாவது 1.2 அல்லது 0.9 மில்லிமீட்டர். ஹார்டுவேர் கடையில் பளபளவென்று கிடைக்கும் துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம். அதை வெல்ட் செய்யும்போது வரும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் அன்று இரவே காய்ச்சல், நடுக்கம் எல்லாம் வரும்.

இப்போது வெல்டிங். உங்கள் 110 வோல்ட் மெஷின் இந்தத் தகட்டுக்குத் தாராளமாகப் போதும். அதில் கேஸ் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 75 சதவீதம் ஆர்கான், 25 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த கேஸ், 0.023 அங்குல மெல்லிய கம்பி, இதுதான் மெல்லிய தகட்டுக்குச் சரியான ஜோடி. கேஸ் இல்லாத ஃபிளக்ஸ் கம்பியிலும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சூடு அதிகம், சிதறல் அதிகம், புதிதாகக் கற்கிற கைக்குத் தகட்டில் ஓட்டை விழுவதும் அதிகம். கேஸ் சிலிண்டருக்குச் செலவு செய்வதில் வருத்தப்பட மாட்டீர்கள்.

வண்டியில் கை வைக்கும் முன் அதே தடிமன் தகட்டுத் துண்டுகளில் பழகுங்கள். மேல் துண்டில் எட்டு மில்லிமீட்டர் துளை போட்டு, கீழ்த் துண்டோடு இறுக்கிக் கிளாம்ப் செய்து, துளைக்குள் கீழ்த் தகட்டில் ஆர்க்கைத் தொடங்கி வட்டமாக நிரப்புங்கள். ஆறிய பிறகு வைஸில் மாட்டி உளியால் பிளந்து பாருங்கள். வெல்டு பட்டென்று விட்டுப் பிரிந்தால் உள்ளே பிடிக்கவில்லை. தகடு கிழிந்து, கீழ்த் துண்டில் வெல்டு மொட்டு அப்படியே நின்றால் சரி. பத்து துண்டு தொடர்ந்து கிழிந்தால்தான் வண்டிக்குப் போக வேண்டும். வெளியிலிருந்து பார்க்க அழகாக இருக்கும் வெல்டு எதையும் நம்பாதீர்கள், உளியை மட்டும் நம்புங்கள்.

ராக்கரின் உதடுகளுக்கு இந்தத் துளை வெல்டு. கேப் கார்னர் போன்ற வெளித் தகடுகளுக்கு விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விடாமல், முதலில் ஓரங்குலத்துக்கு ஒரு டாக் (சின்னப் புள்ளி வெல்டு). ஒரு டாக் இந்த முனையில் என்றால் அடுத்தது அந்த முனையில். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகே பக்கத்தில் அடுத்தது. வெல்டு ஆறும்போது சுருங்கித் தகட்டை இழுக்கும், தொடர்ச்சியாக ஓட்டினால் அத்தனை இழுப்பும் ஒரே இடத்தில் சேரும். இழுத்துக்கொண்ட இடத்தை, பின்னால் டாலி (கையில் பிடிக்கும் தாங்கு இரும்பு) கொடுத்து வெல்டின் மேல் மெதுவாகச் சுத்தியலால் தட்டினால் தகடு விரிந்து ஓரளவு திரும்பும். கரூரில் என் மேஸ்திரி ஒரு டாக் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். சோம்பல் என்று நினைத்தேன். அவர் செய்த தகட்டில் பட்டி ஏறக்குறைய தேவைப்படாது.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவை. இரண்டு தகடு ஒன்றன் மேல் ஒன்றாகச் சேரும் இடத்தில் துத்தநாகம் கலந்த வெல்ட்-த்ரூ பிரைமர் (மேலேயே வெல்ட் செய்யக்கூடிய பிரைமர்) அடிக்க வேண்டுமா என்பதில் தொழிலில் இருப்பவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. வெல்டு விழும் இடத்தில் அது எரிந்துபோகிறது, சிதறலையும் அதிகமாக்குகிறது. சுற்றி இருக்கும் இடத்தைக் காக்கிறதா என்றால், கொஞ்சம் காக்கும் என்றே நான் நினைக்கிறேன், அதனால் மெல்லியதாக அடித்துவிட்டுத் துளைக்குள் மட்டும் சுரண்டி எடுத்துவிடுவேன். அடிக்காமலே நல்ல வேலை செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். துருவைக் கறுப்பாக மாற்றும் ரசாயனங்களைப் பற்றியும் அப்படித்தான். தடிமன் குறையாத, மேலாகத் துரு படிந்த தகட்டில் உதவும். இடுக்குக்குள் அது எவ்வளவு தூரம் போனது என்று யாராலும் பார்க்க முடியாது, ஆகவே அதை நம்பி ஒரு தகட்டையும் விட்டு வைக்க மாட்டேன். பேனல் பசை நல்ல பொருள், வெளித் தோலுக்கு நானும் பயன்படுத்துகிறேன், ஆனால் இந்த வண்டியின் ராக்கரைப் பசையால் மட்டும் ஒட்டுவதற்கு நான் துணை நிற்க மாட்டேன். பட்டியை வெறும் தகட்டில் போடுவதா, எபாக்சி பிரைமர் மேல் போடுவதா என்ற சண்டை பழையது. இரண்டு முறையிலும் நிற்கிறது, நான் எபாக்சி மேல் போடுகிறேன்.

பூச்சில் சந்தேகமே இல்லாத விஷயங்களும் உண்டு. மூடுவதற்கு முன் ராக்கரின் உட்புறம் முழுக்க எபாக்சி பிரைமர் போக வேண்டும். புதிய தகடுகள் கறுப்புப் பூச்சோடு வரும், வெல்டு விழும் இடத்தில் அதைப் பளிச்சென்று தேய்த்து எடுங்கள். எல்லா மூட்டுகளுக்கும் பிரைமருக்குப் பிறகு சீம் சீலர் (மூட்டு இடுக்கை அடைக்கும் பசை). வெளிப்பெயின்ட் முடிந்த பிறகு, நீளமான குழாய் முனையால் ராக்கருக்குள்ளும் கேப் கார்னருக்குள்ளும் கேவிட்டி வாக்ஸ் (உள் வெற்றிடங்களுக்கான மெழுகு) அடியுங்கள். வெல்டு சூட்டில் உட்புறம் எரிந்துபோன பிரைமருக்கு அதுதான் மாற்று. ராக்கரின் அடியில் தண்ணீர் வெளியேறும் துளைகளைச் சீலரோ வாக்ஸோ அடைத்துவிடாமல் ஒரு கம்பி விட்டுப் பாருங்கள். பெரும்பாலான எபாக்சி பிரைமர்கள் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சரியாக இறுகாது, அதனால் வெட்டும் பொருத்தும் வேலையைக் குளிர்காலத்தில் வைத்துக்கொண்டு, தகட்டைத் தேய்த்துப் பிரைமர் அடித்து மூடும் வேலையை மே மாதத்துக்குத் தள்ளுங்கள். தேய்த்த தகட்டைப் பூச்சில்லாமல் ஒரு இரவுகூட விடாதீர்கள். ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயின்டுகளில் ஐசோசயனேட் இருக்கும். சாதாரண முகமூடி அதற்குப் போதாது, வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும். அது இல்லாவிட்டால் கடைசிப் பெயின்டை மட்டும் பாடி ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். தகடு வேலை முடிந்து வரும் வண்டிக்கு அவர்கள் கேட்கும் தொகை வேறு மாதிரி இருக்கும்.

எவ்வளவு நாள் ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். வார இறுதியில் மட்டும் உழைக்கிற, முதல் தடவை செய்கிற ஒருவருக்கு ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு வாரம் ஆகும் என்பது என் கணிப்பு. இரண்டாவது பக்கம் அதில் பாதியில் முடியும். துரு குறைவாக இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள், கை பழகிய பிறகு மோசமான பக்கத்துக்கு வரலாம்.

எல்லாம் முடிந்து, விரிப்பையும் சீட்டையும் திரும்ப வைக்கும் முன்பு ஒரு காரியம் செய்யுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் அந்தக் கிரிலில் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு, டார்ச் லைட்டோடு கீழே படுத்துப் பாருங்கள். தண்ணீர் எங்கே வெளியே வருகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது, கேபினுக்குள் எங்காவது கசிகிறதா என்று பாருங்கள். ஊற்றியது முழுக்கக் கீழே வராமல் நின்றால், நீங்கள் வைத்த புது ராக்கருக்குள்தான் அது நிற்கிறது. கிக் பேனல் பக்கத்துக் காற்றுத் துளை வழியாகக் கை விட்டு, மிச்சமிருக்கும் மண்ணையும் இலையையும் எடுத்துவிட்டு, மறுபடி ஊற்றுங்கள்.

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். இந்த வாரம் கிக் பேனல் மூடிகளைக் கழற்றி, கீல் தூண்கள் இரண்டின் அடிப்பகுதியையும் சுத்தமாக்கி, பக்கத்தில் ஒரு டேப்பை வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகு, எந்தப் பக்கத்தை நீங்களே செய்யலாம், எதை ஒருவரிடம் கொடுத்துச் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.